வீட்டில் சொல்லிவிடுவேன்

குமரிக் கடற்கரை ஊரான இனயத்தில் பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தனியறை வாய்ப்பது அபூர்வம். கடலரிப்புக்குப் போட்ட கல்சுவருக்கும் கடற்கரைச் சாலைக்கும் நடுவே கிடைத்த இடத்தில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஒரு வீட்டில் மீன் பொரித்தால் மூன்றாம் வீட்டில் என்ன மீன் என்று சொல்லிவிடுவார்கள். பாத்திரம் விழுந்த சத்தத்தை வைத்தே யார் வீட்டில் சண்டை என்று கண்டுபிடிக்கிற கிழவிகள் உண்டு. வெளிநாட்டுப் பணத்தில் மாடி எழும்பிய வீடுகளும் இருக்கின்றன. அங்கேயும் பிள்ளை கதவை உள்ளே தாழ்போட்டால் கீழேயிருந்து குரல் வரும்: "எதுக்கு மக்களே கதவடைக்க?" கொளச்சலிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரைக்கும் இந்தக் கரை முழுக்க இதுதான் வழக்கம். கதவைச் சாத்துகிறவர்களுக்கு ஏதோ நோவு, இல்லையென்றால் ஏதோ களவு.

இப்படிப்பட்ட ஊரில் வளர்கிற பிள்ளைக்கு செல்போன் கிடைக்கிறபோது முதன்முதலாக ஒரு கதவு கிடைக்கிறது. அதற்கு ஒரு பூட்டும், தனக்கு மட்டுமே தெரிந்த ஆறு எண்களும். அதைப் பிள்ளை லேசில் விட்டுக்கொடுக்கும் என்று நாம் எதிர்பார்ப்பதுதான் வேடிக்கை.

ஆனால் இந்தக் கரைக்குச் செல்போன் பொழுதுபோக்குச் சாமானாக வரவில்லை. ஆண்கள் வீட்டில் தங்காத ஊர்கள் இவை. ஆழ்கடல் விசைப்படகில் ஏறினால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். இன்னும் பலர் பஹ்ரைன், கத்தார், சவூதி, ஈரான் என்று வளைகுடா முதலாளிகளின் படகுகளில் மீன் பிடிக்கிறார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது கடலில் கிடந்தவர்களின் எண்களைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்த பெண்களுக்கு அந்தச் சின்னக் கருவி என்னவாக இருந்தது என்று வெளியூர்க்காரர்களுக்கு விளங்க வைப்பது கஷ்டம். 2020இல் கொரோனா வந்தபோது நூற்றுக்கணக்கான மீனவர்கள் ஈரானின் துறைமுகங்களில் மாட்டிக்கொண்டார்கள், பெரும்பாலோர் குமரி மாவட்டத்துக்காரர்கள். கடற்படையின் ஐஎன்எஸ் ஜலஷ்வா கப்பல் அவர்களில் பெரும்பாலோரை ஏற்றிவந்து ஜூலை 1ஆம் தேதி தூத்துக்குடியில் இறக்கிவிடும் வரைக்கும் பிள்ளைகள் அப்பாவின் முகத்தை வாட்ஸ்அப் வீடியோவில்தான் பார்த்தார்கள். அதே மாதங்களில் பள்ளிக்கூடங்களும் பூட்டிக் கிடந்தன. பாடமும் அதே போனுக்குள் வந்தது. அப்பாவையும் கணக்கு வாத்தியாரையும் ஒரே கண்ணாடிக்குள் வைத்துக் கையில் கொடுத்துவிட்டு, "எப்பவும் போனும் கையுமா இருக்கா" என்று நாமே குறைப்பட்டுக்கொள்கிறோம்.

அந்த அப்பாவுக்கும் இப்போது ஒரு கண் முளைத்திருக்கிறது. பஹ்ரைனில் இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து கட்டிலில் சாய்கிறவர் வாட்ஸ்அப்பைத் திறக்கிறார். மகளின் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்'. இங்கே மணி பன்னிரண்டரை. மறுநாள் அழைப்பு வருகிறது: "ராத்திரி பன்னிரண்டரைக்கு ஆருகிட்ட பேசிட்டு கிடந்த?" மகள் ஒருவேளை ரிக்கார்டு நோட்டுக்குப் படம் தேடிக்கொண்டிருந்திருப்பாள், இல்லை உண்மையிலேயே யாருடனோ பேசிக்கொண்டிருந்திருப்பாள். அடுத்த வாரம் அவள் 'கடைசியாகப் பார்த்தது' என்கிற வரியை மறைத்து வைக்கிறாள். அதைக் கண்டதும் அவருக்குச் சந்தேகம் உறுதியாகிவிடுகிறது. "ஒளிச்சு வைக்க என்ன இருக்கு ஒனக்கு?" மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அவருக்குக் கையில் கிடைத்த ஒரே தகப்பன் வேலை இந்த ஒரு சொல்லைக் காவல் காப்பதுதான். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகளையும்தான்.

பெற்றோர் கண்காணிப்பு பற்றி எழுதப்படுகிற ஆலோசனைகள் எல்லாம், வீட்டில் பெரியவர்களுக்குத்தான் போன் தெரியும், பிள்ளை கற்றுக்கொள்கிறது என்கிற நினைப்பில் எழுதப்படுகின்றன. இங்கே தலைகீழ். அப்பா அனுப்பிய பணம் வந்துவிட்டதா என்று பார்ப்பது மகள். ஜிபேயில் பால்காரருக்கு அனுப்புவது மகள். மகளிர் உரிமைத் தொகை குறுஞ்செய்தியை வாசித்துச் சொல்வது மகள். அம்மாவின் ஜிமெயில் கணக்கைத் திறந்து கொடுத்ததும், அதன் கடவுச்சொல்லை ஞாபகம் வைத்திருப்பதும் அவள்தான். வீட்டின் ஓடிபி எல்லாம் அவள் விரலைத் தாண்டித்தான் போகிறது.

2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள யாருடைய தகவலைக் கையாள்வதற்கும் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்துப் பெற வேண்டும் என்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் நிறுவனங்களுக்குத் தடை. நல்ல சட்டம்தான், இரண்டாவது பாதி ரொம்பவே நல்லது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, நிறுவனங்களுக்குப் பதினெட்டு மாத அவகாசம். அந்த அவகாசம் முடிந்து சம்மதம் கேட்டு ஒரு எண் அம்மாவின் போனுக்கு வரும்போது இனயத்தில் என்ன நடக்கும்? "அம்மா, ஒரு ஓடிபி வந்திருக்கு." "பாத்துப் போடு மக்களே." சட்டம் நிறைவேறிவிட்டது.

ஏளனமாகச் சொல்லவில்லை. அந்த அம்மா மகளை நம்புகிறாள். வங்கிக் கணக்கையே கொடுத்திருக்கிறாள். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்த நம்பிக்கை எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்விக்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு பதில் கிடக்கிறது, நாறிக்கொண்டு. 2020 ஏப்ரலில், நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரத்தில், நாகர்கோவில் இளைஞன் காசி கைதானான். சமூக வலைத்தளங்களில் பெண்களுடன் பழகி, நெருங்கி, படமெடுத்து, அதைக் காட்டி மிரட்டிப் பணம் பறித்தான் என்பது வழக்கு. சென்னையைச் சேர்ந்த ஒரு பெண் மருத்துவர் துணிந்து புகார் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. 2023 ஜூனில் நாகர்கோவில் மகளிர் விரைவு நீதிமன்றம் அவனுக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது.

அந்த வழக்கு வெளியே வந்த நாட்களில் கருங்கல் சந்தையிலும் தேநீர்க் கடையிலும் பேச்சு ஒரே திசையில்தான் போனது. பெண்பிள்ளைகளுக்கு எதற்குப் போன்? பல வீடுகளில் போன் பறிபோனது. காசியால் எப்படி அத்தனை காலம் ஓட்ட முடிந்தது என்பதைப் பேசியவர்கள் குறைவு. அவன் கையில் இருந்த ஆயுதம் படம் என்று நினைக்கிறோம். படத்தைப் பார்த்து அந்தப் பெண் பயப்படவில்லை, அது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த படம்தான். அதை வீட்டில் யார் பார்ப்பார்கள், பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்குத்தான் பயந்தாள். "வீட்டில் சொல்லிவிடுவேன்." மிரட்டல்காரன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், எந்த ஆப்பில் வந்தாலும், கடைசியில் வந்து நிற்கிற வாக்கியம் இதுதான். அவனுக்கு அந்த வாக்கியத்தின் பலத்தைக் கொடுத்தவர்கள் வீட்டில் இருப்பவர்கள். அடியும், படிப்பை நிறுத்துவதும், அவசர அவசரமாகப் பார்க்கிற மாப்பிள்ளையும், 'ஊருக்குள்ள தலைகாட்ட முடியுமா' என்கிற புலம்பலும் எல்லாம் அவனுடைய முதலீடு. அவன் ஒரு பைசாவும் போடவில்லை, நாம் போட்டு வைத்திருக்கிறோம்.

பொள்ளாச்சிப் பாலியல் வழக்கிலும் இதைத்தான் கண்டோம். 2019இல் அந்த வழக்கு வெடித்தபோது புகார் கொடுத்த பெண்ணின் அடையாளமே அரசுத் தரப்பிலிருந்து வெளியே வந்தது. வழக்கைச் சிபிஐக்கு மாற்றும் அரசாணையிலேயே அவர் பெயர் இருந்தது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. இன்னும் யாரெல்லாம் புகார் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்களோ அவர்களில் எத்தனை பேர் அந்த அரசாணையைக் கண்டு வாயை மூடிக்கொண்டார்களோ, கடவுளுக்கே வெளிச்சம். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது சரிதான். ஆனால் அந்தரங்கம் ஒன்று, பாதுகாப்பு வேறொன்று, ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும் என்கிற கணக்கை அந்த அரசாணை பொய்யாக்கிவிட்டது. பெயர் வெளியே போனபோது பாதுகாப்பும் சேர்ந்தே போனது.

ஆகவே மகளின் போனை அவள் தூங்கும்போது எடுத்து, அவள் விரலைப் பிடித்து வைத்துத் திறந்து, வரி வரியாக வாசிக்கிற அம்மாவைப் பற்றி எனக்கு ஒரே ஒரு ஆட்சேபம்தான். அதில் கண்டதை வைத்து நாளை அம்மா என்ன செய்யப் போகிறாள் என்பது மகளுக்கு இப்போதே தெரியும். அதனால் இனி முக்கியமான எதுவும் அந்தப் போனில் இருக்காது. இன்ஸ்டாகிராமில் இரண்டாவது கணக்கு, தோழியின் போனில் திறந்த மூன்றாவது கணக்கு, உடனுக்குடன் அழிகிற குறுஞ்செய்தி. அம்மா சுத்தமான போனைப் பார்த்து நிம்மதியாகத் தூங்குவாள். மகள் சிக்கலில் மாட்டினால் முதலில் மறைக்க வேண்டிய ஆள் அம்மா என்று ஏற்கெனவே முடிவாகியிருக்கும்.

இதற்காக, 'நம்பிக்கை வையுங்கள், எல்லாம் சரியாகும்' என்று சொல்கிற கூட்டத்தோடும் நான் சேர மாட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நம்புவது வேறு, அந்தப் பிள்ளையிடம் பேச்சுக் கொடுக்கிற முகம் தெரியாத முப்பது வயதுக்காரனை நம்புவது வேறு. பன்னிரண்டில் போன் கூடத்தில்தான் கிடக்க வேண்டும், ராத்திரி அம்மாவின் தலைமாட்டில் சார்ஜ் ஏற வேண்டும். அதைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். பதினாறில் அதே விதி செல்லாது. இன்ஸ்டாகிராம் 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்குக் கொண்டுவந்த இளையோர் கணக்கில் ஒரு ஏற்பாடு உண்டு. பெற்றோர் இணைந்துகொண்டால், கடந்த ஏழு நாளில் பிள்ளை யார் யாருக்குச் செய்தி அனுப்பியது என்று பார்க்கலாம், என்ன பேசியது என்று வாசிக்க முடியாது. அந்த நிறுவனத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது, பிள்ளைகளின் கண்ணை விற்றுத்தான் அதன் பிழைப்பு. இருந்தாலும் அந்தக் கோடு கிட்டத்தட்ட சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. பழைய காலத்துத் தாய் மகளை அனுப்பும்போது யார்கூடப் போகிறாய் என்று கேட்பாள், வழியில் என்ன பேசினீர்கள் என்று கேட்க மாட்டாள்.

ஒரேயடியாகத் தடை போடுவது இப்போது உலகத்துக்கே பிடித்த மருந்தாகிவிட்டது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குக் கீழே சமூக வலைத்தளமே கூடாது என்றது. அதே மாதம் மதுரைக் கிளையும், அப்படியொரு சட்டத்தை மத்திய அரசு யோசிக்கலாமே என்று சொன்னது. சிறு பிள்ளைகளுக்குத் தடை நல்லதே செய்யலாம், அதை நான் மறுக்கவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. 2016 ஜூலையில் இனயத்தில் பெரும் துறைமுகம் கட்ட மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தபோது இந்த ஊர் தெருவில் இறங்கியது. உங்கள் நன்மைக்குத்தான் என்று சொன்னவர்களிடம், எங்களிடம் கேட்டீர்களா என்றது. அந்தப் போராட்டத்தில் அம்மாவின் இடுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று பன்னிரண்டு பதிமூன்று வயதில் நிற்கிறார்கள். அவர்களிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் ஒரு வழக்கு உண்டு. கோழிக்கோடு சேளன்னூர் ஸ்ரீநாராயணகுரு கல்லூரி மாணவியர் விடுதியில் குறிப்பிட்ட நேரம் போனை ஒப்படைக்க வேண்டும் என்று விதி. பஹீமா ஷிரின் என்கிற மாணவி மறுத்தார், விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். வீட்டார் அவர் பக்கம் நின்றார்கள். 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி பி.வி. ஆஷா, இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லி அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். பஹீமா பதினெட்டைத் தாண்டியவர், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தத் தீர்ப்பை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் நீதிமன்ற வாசலில் பெற்றவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை இந்தக் கரை கவனிக்க வேண்டும். 2017 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன புட்டசாமி தீர்ப்பில், பிள்ளைப் பருவத்து அறியாத் தவறுகளின் விளைவை ஒருவர் ஆயுசு முழுக்கச் சுமக்கக் கூடாது என்று நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் எழுதியிருக்கிறார். அவர் இணையத்தை மனதில் வைத்து எழுதினார். ஊரையும் சேர்த்தே வாசிக்கலாம்.

போனை வாசிப்பதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. மகளின் வாட்ஸ்அப்பைத் திறக்கிற அம்மா மகளை மட்டும் வாசிப்பதில்லை. மூன்றாவது வீட்டுப் பெண்ணின் அப்பா குடித்துவிட்டு வந்த ராத்திரியை வாசிக்கிறாள். வகுப்புத் தோழி ஒருத்திக்கு மாதவிலக்கு தள்ளிப்போன பயத்தை வாசிக்கிறாள். மாநகரத்து அடுக்ககத்தில் அது ஒரு முகம் தெரியாத பிள்ளையின் கதை. இங்கே அந்தப் பிள்ளையின் அம்மாவோடு நாளைக் காலையில் குழாயடியில் நிற்க வேண்டும். ஒரு போனைத் திறந்தால் பத்து வீட்டுக் கதவு திறக்கிறது, மற்ற ஒன்பது வீட்டாரிடமும் யாரும் அனுமதி கேட்கவில்லை. இரண்டே நாளில் கதை மாதா குருசடி வரைக்கும் போய்விடும். அதன் பிறகு அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியும் இன்னொருத்தியிடம் வாய் திறக்க மாட்டாள். பதினைந்து வயதில் ஆபத்து என்று வந்தால் பிள்ளை முதலில் போய் நிற்பது தோழியிடம்தான் என்பதை நினைத்தால் இந்த நஷ்டம் புரியும்.

ரகசியமே இல்லாத ஊர் என்று இவ்வளவும் சொன்னேன். அது முழு உண்மையாகாது. இந்த ஊருக்கு ஒரே ஒரு ரகசியத்தை மதிக்கத் தெரியும், நூற்றாண்டுகளாக மதித்தும் வருகிறது. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, எடுக்கப் போகிற ஒன்பது பத்து வயதுப் பிள்ளை கோயிலில் சாமியாரின் காதோரம் போய் நின்று தன் பாவங்களைச் சொல்கிறது. அம்மா நாலு அடி தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை திரும்பி வந்ததும், "மறக்காம எல்லாம் சொன்னியா?" என்று கேட்பாள். "என்ன சொன்ன?" என்று ஒருநாளும் கேட்க மாட்டாள். கேட்பது பாவம் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் குருவானவர் வெளியே சொல்லக் கூடாது என்று திருச்சபைச் சட்டத்தின் 983ஆம் விதி சொல்வதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எட்டாத தூரத்தில் உட்கார்வது அவளுக்குப் பழக்கம். தன் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கும் தனக்குத் தெரியாத ஒரு உள் இருக்கலாம், அதை வேறொரு பெரியவர் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்ட பெண் அவள். அதே பெண்தான் ராத்திரி மகளின் விரலைப் பிடித்துப் போனைத் திறக்கிறாள்.

முழு ரகசியத்துக்கு ஒரு இருட்டும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். எதையும் வெளியே விடாத அந்த ஏற்பாட்டுக்குள் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைகளும் ஒளிந்து கிடந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, குயின்ஸ்லாந்து மாநிலங்கள், பிள்ளைகள் மீதான பாலியல் கொடுமையைப் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் போட்டன. நம் நாட்டில் 2012இன் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவில், இப்படியொரு குற்றம் நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சொல்லாமல் விட்டால் தண்டனை உண்டு. அதனால் பிள்ளையிடம் பேசுகிற எந்தப் பெரியவரும் 'யாருட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் பண்ணக் கூடாது. 'ஊருக்குத் தெரியாம பாத்துக்குவேன், ஒனக்குத் தெரியாம நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்' என்பது வரைக்கும்தான் சொல்லலாம். அந்த வாக்கைக் காப்பாற்றுவதே பெரிய காரியம்.

யார் அந்தப் பெரியவர்? அம்மாவாக இருந்தால் புண்ணியம். பல வீடுகளில் அது நடக்காது, அம்மாவே பயப்பட வேண்டிய நாலு பேர் இருக்கிறார்கள். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்ற தலைதொட்டம்மா என்று ஒருத்தி ஒவ்வொரு வீட்டுக்கும் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு ஒரு துணி, புதுநன்மைக்கு ஒரு மோதிரம், கல்யாணத்தில் முன்வரிசை என்பதோடு அவள் வேலை முடிந்துபோகிறது. பிள்ளைக்காக வாக்குக் கொடுத்தவள், ஆனால் அந்த வீட்டின் மானத்துக்குள் அடைபட்டவள் இல்லை. இதைவிடப் பொருத்தமான ஆள் வேறு யார்? 'மக்களே, எவனாவது மிரட்டினா நேரா எனக்க வீட்டுக்கு வா' என்று அவள் பிள்ளையின் பதிமூன்று வயதில் ஒருமுறை சொல்லி வைத்தால் போதும். எந்தக் கண்காணிப்பு ஆப்பும் அதற்கு ஈடாகாது என்றே நினைக்கிறேன். தன் போனிலிருந்தே, படத்தை யாருக்கும் அனுப்பாமல், அதன் டிஜிட்டல் கைரேகையை மட்டும் பதிந்து வலைத்தளங்களிலிருந்து நீக்கச் சொல்கிற 'டேக் இட் டவுன்' என்கிற சேவை பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்காக நடக்கிறது, பெயர்கூடக் கேட்காது. குழந்தைகள் உதவி எண் 1098இல் பிள்ளையே பேசலாம். மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்திலும் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமல் கொடுக்க வழி இருக்கிறது. இவை எல்லாமே வீட்டுக்குத் தெரியாமல் உதவி கேட்க வேண்டிய பிள்ளைகள் உண்டு என்று கணக்கில் எடுத்துக்கொண்டு செய்த ஏற்பாடுகள். தலைதொட்டம்மாக்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க கோயிலின் அன்பியக் கூட்டத்தில் அரைமணி நேரம் போதும்.

மகள், மகள் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். இந்தப் பேச்சு எங்கே நடந்தாலும் இப்படித்தான் ஆகிவிடுகிறது. மகனுடைய போனை யாரும் எடுப்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அவன் ஆன்லைனில் கிடந்தால் பஹ்ரைனிலிருந்து அழைப்பு வராது. ஆனால் இன்றைக்கு வீடியோ அழைப்பு மிரட்டலில் பெரும்பாலும் சிக்குவது ஆண்பிள்ளைகள்தான். அழகான பெண்ணின் படத்தோடு ஒரு நட்பு அழைப்பு, இரண்டு நாள் இனிப்பான பேச்சு, ஒரு ராத்திரி வீடியோ அழைப்பு, அரை நிமிஷம். விடிந்ததும் அவனுடைய இன்ஸ்டாகிராம் பட்டியலின் படம் வந்து நிற்கும். அதில் அக்காவின் பெயர், மறைக்கல்வி டீச்சரின் பெயர், சித்தப்பாவின் பெயர். பணம் அனுப்பினால் இரண்டாவது ஆள் டெல்லி போலீஸ் என்று பேசுவான். அந்தப் பையனுக்கும் அதே வாக்கியம்தான் காதில் கேட்கிறது. ஆம்பிளைப் பிள்ளை என்பதால் அழக்கூட அவனுக்கு இடமில்லை. கூடுதலாக அப்பாவின் பணத்தை எடுத்த திருட்டுப் பட்டம் வேறு.

அதைவிட முக்கியமானது, பிள்ளைக்கு என்ன நேருமோ என்றுதான் பெற்றோர் பயப்படுகிறோம், பிள்ளை யாருக்கு என்ன செய்கிறது என்று பயப்படுவதில்லை. காசியும் ஒரு வீட்டுப் பையன்தான். ஆதாரங்களை அழித்தார் என்கிற குற்றச்சாட்டில் அவனுடைய தகப்பனும் கைதானார். அந்தக் கைதைப் பற்றி இந்த மாவட்டம் போதுமான அளவு யோசிக்கவில்லை என்று எனக்குப் படுகிறது. பையன்களின் குழுவில் ஒரு பெண்பிள்ளையின் படம் வந்து விழுகிறது. யாரோ எடுத்தது, இப்போது ஏஐ கொண்டு யாரோ செய்தது. நாற்பது பேர் பார்க்கிறார்கள், இருபது பேர் சிரிப்புப் பொம்மை போடுகிறார்கள், ஒருவன்கூட அழி என்று சொல்வதில்லை. அந்த நாற்பது பேருடைய அம்மாக்களும் அன்று ராத்திரி தங்கள் மகள்களின் போனைத்தான் சோதிக்கிறார்கள். பஹ்ரைனில் இருக்கிற அப்பா கேட்க வேண்டிய கேள்வி மகனிடம் ஒன்று உண்டு: 'ஒனக்க போனுல எவளோட படமாவது கிடக்கா? அவ கேட்டா அழிச்சியா?' அதை எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியாது, யாரும் அவரிடம் கேட்டதும் இல்லை. இதற்கு ஆப் கிடையாது.

பிள்ளைகள் பெரியதை எடுத்த எடுப்பில் கொண்டுவந்து நம்மிடம் வைக்காது. முதலில் சின்னதைப் போட்டுப் பார்க்கும். எனக்குத் தெரிந்த வீடு ஒன்றில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண் இன்ஸ்டாகிராமில் முந்நூறு ரூபாய்க்குக் கம்மல் ஆர்டர் செய்து ஏமாந்துபோனாள். பணம் போனதும் அந்தப் பக்கமும் காணாமல் போய்விட்டது. மூன்று நாள் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் பின்னால் நின்று, முதுகைப் பார்த்துச் சொன்னாள். அம்மா திரும்பாமலே நாலு வசவு வைதாள். அது அவள் உரிமை. பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "காட்டு, எப்படி ஏமாத்தினான்?" என்று தரையில் உட்கார்ந்தாள். பெண் திரையைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். நடுவில் வேறு யார் யாரோ அனுப்பிய செய்திகள் தலைநீட்டின. அம்மா அதையெல்லாம் பார்க்காத மாதிரி இருந்தாள். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைத்தார்கள். பணம் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் தன் வகுப்புத் தோழி ஒருத்தியை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். "அம்மா, இவளுக்கு ஒரு பிரச்சனை. இவங்க வீட்ல சொல்ல முடியாது," என்றாள்.